கருங்கல்லா, மணற்கல்லா? காஞ்சிக் கோயில் கல்லைப் பற்றிச் சில குறிப்புகள்

போன மாதம் காஞ்சிபுரம் போய்வந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நண்பர்கள் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "கைலாசநாதர் கோயிலைக் கல் கோயில் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் பார்த்தபோது பாதிச் சுவர் காரை பூசியது மாதிரி இருந்தது. சில இடத்தில் மண்சுவர் மாதிரி உதிர்ந்துகூடப் போயிருந்தது. அது உண்மையிலேயே கல்தானா?"

நியாயமான கேள்வி. நம் பக்கத்தில் கோயில் என்றால் கருங்கல்தான் நினைவுக்கு வரும். செஞ்சி, திருவண்ணாமலை, மாமல்லபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் கருங்கல். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கட்டட எஸ்டிமேட்டுகள் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். கருங்கல் ஜல்லி 20 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர், அஸ்திவாரத்துக்குக் கருங்கல் கட்டுவேலை என்று ஆயிரம் தடவை நகல் எடுத்திருப்பேன். மணற்கல் என்ற சொல் என் சர்வீஸ் முழுவதும் ஒரு எஸ்டிமேட்டிலும் வந்ததில்லை. ஆகவே நம் ஆட்கள் மணற்கல்லைப் பார்த்துச் சந்தேகப்படுவதில் வியப்பில்லை.

அது கல்தான். மணற்கல். அதை எப்படிக் கண்டுகொள்வது, ஏன் கண்டுகொள்ள வேண்டும் என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் பார்க்கிறேன்.

மணற்கல் என்றால் என்ன?

பிரெஞ்சில் இதற்கு 'க்ரே' என்று பெயர். நாங்கள் படித்த பள்ளியில் பூகோளப் பாடம் முழுக்கப் பிரான்சு தேசத்து மலையும் ஆறும்தான். கிழக்கே வோழ் மலை, அங்கே செந்நிறமான 'க்ரே', பிரெத்தாஞ் பக்கம் 'கிரானித்', பாரிஸைச் சுற்றி 'கல்கேர்' என்று மனப்பாடம் செய்தோம். கிரானித் என்பது நம் கருங்கல். கல்கேர் என்பது சுண்ணாம்புக் கல். 'க்ரே' மட்டும் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பாடம் நடத்திய ஆசிரியரும் காட்டியதில்லை, ஏனென்றால் காட்டுவதற்குப் புதுச்சேரித் தெருவில் அது கிடையாது.

விஷயம் எளிது. பாலாற்றுப் படுகையை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வரும்போது மணலைக் கொண்டுவந்து ஒரு அடுக்காகப் போடுகிறது. அடுத்த வெள்ளம் அதன்மேல் இன்னொரு அடுக்கு. இப்படி லட்சக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தால் அடியில் உள்ள மணல் மேற்பாரத்தால் இறுகுகிறது. மண்ணுக்குள் ஊறும் தண்ணீர் கரைத்துக் கொண்டுவரும் பொருள்கள் மணலுக்கும் மணலுக்கும் நடுவே படிந்து பசைபோல ஒட்டவைக்கின்றன. கடைசியில் அது கல்லாகிவிடுகிறது.

ஆக மணற்கல்லில் இரண்டு சமாசாரம்: ஒன்று மணல், இன்னொன்று அதை ஒட்டவைத்த பசை. மணல் பெரும்பாலும் வெங்கச்சங்கல்லின் தூள். அது லேசில் தேயாது. கல்லின் ஆயுளைத் தீர்மானிப்பது பசைதான். பசை அதே வெங்கச்சங்கல் இனமாக, அதாவது சிலிக்காவாக இருந்தால் கல் இரும்பு மாதிரி நிற்கும். பசை சுண்ணாம்பாக இருந்தால் புளிப்புத் தண்ணீரில் மெல்லக் கரையும். இரும்புத் துருவாக இருந்தால் கல்லுக்குச் சிவப்போ மஞ்சளோ நிறம் கொடுக்கும். களிமண்ணாக இருந்தால்தான் ஆபத்து. ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும், சில நூறு மழைக்காலத்தில் கல் பொலபொலத்துவிடும்.

கருங்கல்லின் கதை வேறு. அது பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல ஆறி இறுகியது. அதில் பசை என்று தனியாக ஒன்றுமில்லை. துண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே வளர்ந்தவை. தண்ணீர் நுழைய இடம் மிகக் குறைவு. அதனால்தான் ஆயிரம் ஆண்டு வெயில் மழைக்கும் ஈடு கொடுக்கிறது.

கண்ணால் கண்டுகொள்ளும் வழிகள்

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பேப்பர் படிக்க வைத்திருக்கிறோமே, அந்தப் பூதக்கண்ணாடி போதும். நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் கல்லின் பொடியைப் பாருங்கள். உடைந்த முகப்பு ஒன்றைத் தேடிக் கண்ணாடியை வையுங்கள். மணற்கல் நாட்டுச்சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல இருக்கும், உருண்டை உருண்டையான மணிகள். கருங்கல்லில் வெள்ளை, கறுப்பு, சில இடத்தில் இளஞ்சிவப்புத் துண்டுகள் கோணல்மாணலாகப் பின்னிக்கிடக்கும். நடுவே காக்காப்பொன் மினுக்கும்.

இரண்டாவது, வரிகள். மணற்கல் அடுக்கடுக்காக உருவானது என்பதால் பல கற்களில் மெல்லிய கோடுகள் தெரியும். சில கல்லில் கோடுகள் நேராக ஓடும். சில கல்லில் சாய்ந்து ஓடி, அதன்மேல் வேறு பக்கம் சாய்ந்த கோடுகள் வந்து வெட்டும். அன்றைக்கு ஆற்று நீரோட்டமோ காற்றோ மணலைத் தள்ளிய திசை அது. கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வெள்ளத்தின் திசையைக் கோயில் சுவரில் படிக்க முடிகிறது என்றால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

மூன்றாவது, ஓசை. நம் சிற்பிகள் கல்லைத் தட்டி ஓசை கேட்டே ஆண் கல், பெண் கல் என்று வகை பிரிப்பார்கள். நல்ல கருங்கல் மணி மாதிரி பேசும். மணற்கல் பெரும்பாலும் 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கும். ஆனால் பழைய கோயில் சுவரைத் தட்டிப் பார்க்காதீர்கள். கீழே கிடக்கும் உடைந்த துண்டில் விரலால் தட்டிக் கேட்டாலே போதும்.

நான்காவது, தண்ணீர். மழை பெய்து ஓய்ந்த பின் பாருங்கள். கருங்கல் தளம் அரை மணியில் காய்ந்துவிடும். மணற்கல் சுவர் மறுநாளும் கறுத்து ஈரமாக நிற்கும். அது தண்ணீரைக் குடிக்கும் கல்.

ஐந்தாவது, மூப்பு அடையும் விதம். கருங்கல் ஓரம் மழுங்கும், எப்போதாவது வெங்காயத் தோல்போலத் தகடாகப் பெயரும். மணற்கல் அரிக்கும். சிற்பத்தின் மூக்கு, விரல் எல்லாம் முதலில் போகும். சில இடத்தில் தேன்கூடுபோலக் குழிகுழியாக விழும். சுவரடியில் மெல்லிய மணல் கோடு கிடக்கும். அந்த மணல் வெளியிலிருந்து வந்ததல்ல, சுவரே கொட்டியது.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மணற்கல் என்றால் சிவப்பு என்று டில்லி, ஆக்ரா பார்த்தவர்கள் நினைப்பார்கள். மஞ்சள், பழுப்பு, சாம்பல், வெள்ளை எல்லாமே உண்டு. சிவப்பாக இருப்பதெல்லாம் மணற்கல்லும் இல்லை. நம் பக்கத்துச் செம்புறாங்கல் சிவப்புதான். ஆனால் அது மண்ணிலேயே இரும்பு மிகுந்து இறுகியது, புழு அரித்த கட்டைபோலத் துளைகளோடு இருக்கும், வரிகள் இருக்காது.

காஞ்சியில் பல்லவர் வைத்த கல்

இப்போது கைலாசநாதர் கோயிலுக்கு வருவோம். கி.பி. 700 வாக்கில் ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியது. சுற்று மதிலை ஒட்டி உள்பக்கம் 58 சிறு சன்னதிகள். வாசலுக்கு வெளியே வரிசையாக நிற்கும் சின்னக் கோயில்களில் ஒன்று அவன் அரசி ரங்கபதாகை எடுப்பித்தது. ராஜசிம்மன் மகன் மூன்றாம் மகேந்திரவர்மனும் முன்பக்கம் தன் பேரில் ஒரு கோயில் எழுப்பினான். ஒரு குடும்பமே சேர்ந்து கட்டிய கோயில் என்று சொல்லலாம்.

இதில் கல் வேலையைக் கவனியுங்கள். அடியில், தரையை ஒட்டிய வரிசை கருங்கல். அதற்கு மேலே சுவரும் விமானமும் மணற்கல். இரண்டும் ஒரே சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் மேலே சொன்ன அடையாளங்களைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. குனிந்து கருங்கல்லைப் பார்த்துவிட்டு அப்படியே கண்ணை மேலே கொண்டுபோனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மையும் உண்டு. தரையிலிருந்து சுவருக்குள் ஈரம் ஏறுவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சுண்ணாம்பு பொரிந்து விழும். மணற்கல்லை நேரே மண்ணில் வைத்தால் அதுதான் நடக்கும். கருங்கல் அவ்வளவு தண்ணீர் குடிக்காது. பாரத்தையும் தாங்கும், ஈரத்தையும் தடுக்கும். இன்றைக்கு நாம் அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத் தடுப்பு வரிசை போடுகிறோமே, அந்த வேலையை இந்தக் கருங்கல் வரிசை செய்கிறது.

அதே ராஜசிம்மன்தான் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் எடுப்பித்தான். அங்கே முழுக்கக் கடினமான கல். அவனுக்கு நூறாண்டு முன்னால் முதலாம் மகேந்திரவர்மன் நம் விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் கோயில் செய்தேன் என்று கல்வெட்டில் எழுதிவைத்தான். பாறையைக் குடைந்த அந்தக் கை, ராஜசிம்மன் காலத்தில் கல்லை அடுக்கிக் கட்டத் தொடங்கிவிட்டது. காஞ்சியில் கட்டியபோது மணற்கல்லை எடுத்தார்கள். உளிக்கு அது இணங்கும். மடிப்பு, நகை, சிங்கத்தின் பிடரி என்று நுணுக்கமாகச் செதுக்கலாம். வேலையும் சீக்கிரம் நடக்கும்.

காஞ்சியில் மணற்கல் இந்த ஒரு கோயிலோடு நிற்கவில்லை. இரண்டாம் நந்திவர்மன் கட்டிய வைகுந்தப் பெருமாள் கோயில், முக்தேசுவரர், மதங்கேசுவரர் கோயில்கள் எல்லாம் மணற்கல் வேலைதான். எட்டாம் நூற்றாண்டுக் காஞ்சி ஒரு மணற்கல் ஊர். பின்னால் சோழரும் விஜயநகரத்தாரும் வந்து கட்டிய கருங்கல் கோபுரங்களும் மண்டபங்களும்தான் இன்று நம் கண்ணில் முதலில் படுகின்றன. ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு முக்தேசுவரர் கோயிலுக்குப் போனால் கல்லை வைத்தே காலத்தைப் பிரித்துவிடலாம்.

காஞ்சியின் இந்தக் கோயில் எதிரியையும் மயக்கியது. சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது கைலாசநாதர் கோயில் செல்வத்தை எடுத்துப்போகாமல் கோயிலுக்கே திருப்பிக்கொடுத்தான் என்று அங்கே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. பிறகு அவன் அரசி லோகமாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த விருபாக்ஷர் கோயில் காஞ்சிக் கோயிலின் சாயலில் இருக்கிறது. அதுவும் மணற்கல். ஆனால் அங்கே சிற்பங்களின் முகம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. பாதாமி, பட்டடக்கல் பக்கத்து மணற்கல் மிகப் பழையது, சிலிக்காப் பசை இறுகியது. ஒரே பெயருள்ள கல்லானாலும் பசை வேறென்றால் ஆயுள் வேறு என்பதற்கு இந்த இரண்டு கோயில்களே சாட்சி.

காரை ஏன்? ஓவியம் எங்கே?

நண்பர்கள் பார்த்த காரைக்கு இப்போது வருகிறேன். பல்லவர்கள் இந்தக் கல்லை வெறுமனே விடவில்லை. மேலே மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு கொடுத்து வர்ணம் தீட்டினார்கள். அந்தப் பூச்சு அழகுக்கும் ஆயிற்று, கல்லுக்குத் தோலாகவும் ஆயிற்று. மழை முதலில் சுண்ணாம்பைத்தான் தின்னும், கல்லை அல்ல.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னதில் நம் ஊருக்குப் பெருமை உண்டு. புதுச்சேரி கொலேழ் கொலோனியாலில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் 1931-இல் கைலாசநாதர் கோயில் சிறு சன்னதிகளுக்குள் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சங்களைக் கண்டார். பிற்காலப் பூச்சுக்குக் கீழே அவை ஒளிந்திருந்தன. அரிக்கமேட்டின் அருமையை ஆரம்பத்திலேயே உணர்ந்தவர்களில் அவரும் ஒருவர். தென்னிந்தியக் கோயில் கட்டடக்கலை பற்றி 1914-இல் அவர் பிரெஞ்சில் வெளியிட்ட புத்தகத்தில் தூணின் மேலுள்ள போதிகையின் வடிவத்தை வைத்துக் காலத்தைக் கணிக்கும் முறையை விளக்கியிருப்பார். வடிவத்தைப் பார் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். அதோடு கல்லையும் பார் என்பது என் சிறிய சேர்க்கை.

இன்றைக்குச் சுவரில் தடிப்பாகத் தெரியும் காரையில் கணிசமான பகுதி பிற்காலத்துப் பழுது வேலை. அரித்துப்போன சிற்பத்தின்மேல் சுதையை அப்பி, புது மூக்கு, புதுக் கண் வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு சிற்பத்தைப் பார்த்து 'பல்லவர் முகத்தில் என்ன சாந்தம்!' என்று சொல்வதற்கு முன்னால் அது கல்லா, காரையா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கல்லானால் மணல்மணியும் வரியும் தெரியும். காரையானால் வழவழப்பும், வலைபோல மெல்லிய வெடிப்பும் இருக்கும்.

எழுதிவைப்பதன் அருமை

வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர் வம்ச வரலாறு முழுவதையும் சிற்ப வரிசையாகச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். பட்டாபிஷேகம், போர், குதிரை, யானை எல்லாம் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து விவரித்து எழுதினார் டாக்டர் சி. மீனாட்சி என்ற அம்மையார். அவர் காலமான பின், 1941-இல், அந்த நூலைத் தொல்லியல் துறை வெளியிட்டது. அதற்கும் முன்னால் 1909-இல் அலெக்சாண்டர் ரீ பல்லவர் கட்டடங்களை அளந்து, வரைந்து புத்தகம் போட்டிருந்தார். உதிர்கிற கல்லில் செதுக்கிய சரித்திரத்துக்கு இப்படிப்பட்ட விவரணைகள்தான் இரண்டாவது பிரதி. அரசாங்க வேலையில் இருந்தவர்களுக்கு அசலும் நகலும் என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. அசல் கரையானுக்குப் போனாலும் நகல் இருந்தால் வழக்கு நிற்கும்.

நானும் என் பங்குக்கு ஒரு பழைய ரெஜிஸ்டரில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். எந்த ஊர் போனாலும் ஒரு சுவருக்கு ஒரு வரி. கட்டங்கள் இவை: இடம், நிறம், மணி பெரிதா சிறிதா, நாட்டுச்சர்க்கரையா ரவையா மாவா, வரி உண்டா, எந்தப் பக்கம் ஓடுகிறது, தற்போதைய நிலை. மாதிரிக்கு ஒன்று தருகிறேன்: 'கைலாசநாதர், தென்பக்கச் சிறு சன்னதி, வெளிச்சுவர். மங்கிய பழுப்பு. மணி ரவை அளவு. மெல்லிய வரி படுக்கைவாட்டில். யாளியின் முன்காலில் தோல் உரிந்து உள்மணல் தெரிகிறது. அடிக் கருங்கல் வரிசை பழுதில்லை.' இவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. பத்து வருடம் கழித்து வேறொருவர் அதே சுவர் முன் நின்றால் எவ்வளவு போயிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

வெளிநாட்டில் ஒரு மணற்கல் கோயில்

மகள் வீட்டுக்குப் போனபோது ஸ்த்ராஸ்பூர் நகரத்துத் தேவாலயத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பள்ளியில் மனப்பாடம் செய்த வோழ் மலைச் செந்நிற 'க்ரே'யை அங்கேதான் முதலில் கண்ணால் பார்த்தேன். சுமார் 25 கோடி ஆண்டுப் பழமையான கல். தேவாலயத்தின் மேற்கு முகப்பை 1277-இல் தொடங்கினார்கள். 142 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சி 1439-இல் முடிந்தது. 1647 முதல் 1874 வரை உலகத்திலேயே உயர்ந்த கட்டடம் அதுதான். காலையில் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு, சாயங்கால வெயிலில் செங்கல் நிறம். அருகில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு நிறம். சிலவற்றில் கோலிக்குண்டு அளவு வெள்ளைக் கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன. சுவருக்குக் கரடுமுரடான மணற்கல், சிலைகளுக்கு மாவுபோன்ற நுண்மணற்கல் என்று அந்தக் காலத்திலேயே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். கொத்தர்கள் தங்கள் கூலிக் கணக்குக்காகச் செதுக்கிய சின்னச் சின்ன அடையாளங்களும் தெரிகின்றன.

அந்த ஊர்க் கொத்தர்களின் ஒரு விதி எனக்குப் பிடித்திருந்தது. கல் சுரங்கத்தில் எந்த வாக்கில் படுத்திருந்ததோ அதே வாக்கில் சுவரிலும் படுக்கவேண்டும். படுக்கை மாற்றி நிறுத்தி வைத்தால் அடுக்குகள் புத்தகத்தின் தாள் மாதிரி வெளிப்பக்கம் பிரிந்து விழும். மழைத் தண்ணீர் தாள்களுக்கு நடுவே இறங்கும். நீங்களும் மணற்கல் சுவரைப் பார்க்கும்போது வரிகள் படுக்கைவாட்டில் இருக்கிறதா, செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். செங்குத்தாக இருக்கும் கற்களே முதலில் உரிந்திருப்பதைக் கவனிக்கலாம்.

இன்னொன்று. அந்தத் தேவாலயத்துக்கென்றே 'எவ்ர் நோத்ர்-தாம்' என்ற அமைப்பு 13-ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்குகிறது. இன்றும் அதற்குச் சொந்தப் பட்டறை, சொந்தக் கொத்தர், சிற்பி. மிக நலிந்த சிலைகளை இறக்கி அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டு, அதே இனக் கல்லில் நகல் செய்து மேலே ஏற்றுகிறார்கள். மணற்கல் கட்டடம் என்றால் வேலை ஒருநாளும் முடியாது என்று ஒப்புக்கொண்டு, அதற்கு ஏற்பாடும் செய்துகொண்டார்கள்.

நம் காலடியில் உள்ள மணற்கல்

புதுச்சேரி நகரத்துப் பழைய வீடுகளில் மணற்கல் தேடாதீர்கள். பிரெஞ்சுக்காரர் வீடானாலும் தமிழர் வீடானாலும் செங்கல், சுண்ணாம்பு, தேக்கு உத்தரம், மெட்ராஸ் டெரஸ். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செஞ்சித் தூண்கள் கருங்கல்.

ஆனால் ஊரைவிட்டு மேற்கே போனால் நாம் நிற்பதே மணற்கல்லின் மேல்தான். கடலூர் மணற்கல் என்று புவியியலார் பெயர் வைத்த படிவம் அது. ஆரோவில் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் அதன் வெட்டுமுகத்தைக் காணலாம். நெய்வேலி நிலக்கரி கிடப்பதும் அந்தப் படிவத்தில்தான். நம் பகுதிக்குக் குடிதண்ணீர் தரும் ஆழ்துளைக் கிணறுகள் பலவும் அதிலிருந்துதான் உறிஞ்சுகின்றன. தண்ணீர் குடிக்கும் கல் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் குணம் கோயில் சுவருக்குக் கேடு, நம் தாகத்துக்கு நன்மை.

திருவக்கரைக்கு வக்கிரகாளியம்மனைத் தரிசிக்கப் போகிறவர்கள் பலர். பக்கத்திலேயே கல்மரங்கள் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள். மணலைக் கல்லாக்கிய அதே ஊற்றுத் தண்ணீர், மரத்தின் நார் நாராக நுழைந்து அதையும் கல்லாக்கிவிட்டது. பிரெஞ்சு இயற்கையியலார் சொன்னெரா 1782-இல் பாரிஸில் அச்சிட்ட தன் பயண நூலில் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அந்த இடத்தைப் பூங்காவாக்கியது. மணற்கல் எப்படி உண்டாகிறது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை.

கல் தெரியாமல் செய்யும் வைத்தியம்

இவ்வளவும் எதற்காகச் சொன்னேன் என்றால், கல் இன்னதென்று தெரியாமல் செய்யும் பழுதுபார்ப்புதான் பழைய கட்டடங்களுக்கு மழையைவிடப் பெரிய பகை. முக்கியமாக சிமெண்ட். கருங்கல் மண்டபத்தில் ஒரு விரிசலுக்குச் சிமெண்ட் வைத்தால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். மணற்கல்லில் வைத்தால் கல்லே போய்விடும். மணற்கல் ஈரத்தைக் குடித்து, வெயிலில் மூச்சு விட்டுக் காயும் கல். சிமெண்ட் அந்த மூச்சை அடைக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் சிமெண்ட் ஓரத்தில் உள்ள கல் வழியாக வெளியேறும். அதோடு சிமெண்டிலிருந்து வரும் உப்பும் சேர்ந்து கல்லின் தோலுக்குக் கீழே பூக்கும். உப்புப் படிகம் வளரும்போது மணலை மணலிலிருந்து நெம்பித் தள்ளும். சில வருடத்தில் சிமெண்ட் ஒட்டு அப்படியே நிற்கும், அதைச் சுற்றியுள்ள பல்லவன் கல் மண்ணாகக் கொட்டியிருக்கும். சுண்ணாம்புக் காரை இதைச் செய்யாது. அது கல்லைவிட மென்மை, ஈரத்தை விடும். தேய்வது காரையாக இருக்கும், அதை மறுபடி பூசிக்கொள்ளலாம்.

இரண்டாவது, மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வது. பெயர் வேண்டாம், ஒரு கிராமத்துக் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு முன் இதை நேரில் பார்த்தேன். இயந்திரம் போட்டுப் பழைய சுண்ணாம்பை எடுத்தார்கள். இரண்டு நாளில் கோயில் பளபளவென்று ஆகிவிட்டது, ஊரே மகிழ்ந்தது. கல்வெட்டு இருந்த அடித்தளத்தில் கையை வைத்துப் பார்த்தேன். போன தடவை விரலுக்குத் தட்டுப்பட்ட எழுத்து இந்தத் தடவை தட்டுப்படவில்லை. அது கருங்கல் கோயில். கருங்கல்லுக்கே அந்தக் கதி என்றால் மணற்கல்லுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் ஊர்க் கோயிலிலோ பழைய கட்டடத்திலோ திருப்பணி என்று பேச்சு வந்தால், கமிட்டியில் இருப்பவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது என்ன கல்? ஒட்டுக்குச் சுண்ணாம்பா, சிமெண்டா? வேலைக்கு முன் போட்டோ எடுத்தாயிற்றா? நம் வயதுக்கு உள்ள ஒரே லாபம், நாம் கேட்டால் யாரும் உடனே 'போய்யா' என்று சொல்லமாட்டார்கள்.

காஞ்சி போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. கைலாசநாதர் கோயிலுக்குக் காலை 8 மணிக்குள் போய்விடுங்கள். செருப்பைக் கழற்றியபின் தளம் சுடுவதற்குள் சுற்றிவிடலாம். வெயிலும் சாய்ந்து விழும், வரிகள் நன்றாகத் தெரியும். பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். அடிக் கருங்கல்லைப் பார்த்து, அதற்கு மேலே மணற்கல்லைப் பார்த்து, ஒரு நோட்டில் ஐந்து வரி எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதியதை எனக்கு அனுப்பினால் ரெஜிஸ்டரில் உங்கள் பெயரோடு ஏற்றிக்கொள்கிறேன்.